பாதியில் நிறுத்திய பாட்டு

வெள்ளவத்தை, கொழும்பு,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது. லிஃப்ட் திரும்பவும் பழுது. வேறு புதினம் இல்லை. நீ ஏழு கிழமையாகப் போன் எடுக்கவில்லை. வேலை கூடவாக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வேலையைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. பெரியம்மாவின் மகன் இங்கே வந்துவிட்டுப் போனான், அவ்வளவுதான்.

நேற்றிரவு கரன்ட் இல்லை. கடைசிக் கோச்சி போய் கடல் சத்தம் மட்டும் கேட்ட நேரம், கீழ்வீட்டு ரேடியோவில் ‘மயக்கமா கலக்கமா’ போனது. 1962இல் வந்த சுமைதாங்கி படத்துப் பாட்டு. கண்ணதாசன் எழுதி பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடியது. மனுஷன் குரலை உயர்த்தவே மாட்டார். பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக் கதைக்கிற மாதிரி இருக்கும். கவிஞர் வாலி சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல் ஊருக்கே திரும்பப் பார்த்த நேரம், ஸ்ரீனிவாஸ்தான் இதை அவருக்குப் பாடிக் காட்டினாராம். வாலி போகவில்லை. பிறகு எத்தனை பாட்டு எழுதினார்! சோறும் வேலையும் எல்லோருக்கும் வேண்டும். அவை கைவிட்டுப் போகிற நாளில் பக்கத்தில் ஒரு குரலும் வேண்டும். சினிமாப் பாட்டுத்தானே என்று சொல்கிறவர்களுக்கு இது விளங்காது.

நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கினவன் நீ. அந்தப் படத்தை அம்மா இன்றைக்கும் முந்தானையால் துடைக்கிறாள். அப்படிப்பட்ட பிள்ளை தாயை இப்படிக் காக்க வைக்கலாமா? சரி, விடு. நேரத்துக்குச் சாப்பிடு.

ஏ.எல். சோதனையில் நீ முதல்முறை தவறின கிழமை உனக்கு மறந்திருக்காது. விறாந்தையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். பற்றரி மூடி உடைந்து ரப்பர் பாண்ட் போட்ட நம் சின்ன ரேடியோ உன் காதோடு இருந்தது. இதே பாட்டு. நான் வந்து திருகி நிறுத்தினேன். உனக்குக் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள், யோசித்தாயா என்று கத்தினேன். அதுவும் அந்தப் பாட்டில் வருகிற ஆறுதல்தான். ஸ்ரீனிவாஸ் மெல்லச் சொன்னதை எடுத்து நான் உன்னை அடித்தேன். நீ திரும்பவில்லை. உன் முதுகு குலுங்கியது. அதைக் கண்டும் நான் உள்ளே போனேன்.

தம்பி, அன்றைக்கு எனக்கு வேலை போய்ப் பத்து நாள். அம்மாவுக்கும் சொல்லவில்லை. தினமும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டுப் போய், பம்பலப்பிட்டி ஸ்டேஷன் வாங்கில் பின்னேரம் வரை இருந்தேன். அம்மா கட்டித் தந்த சோற்றை அங்கேயே சாப்பிட்டேன். அந்தப் பாட்டு எனக்குத்தான் வேண்டியிருந்தது. உனக்குப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கலாம். கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயந்து நிறுத்தினேன். இவ்வளவு வருஷமும் இதை ஒருவருக்கும் சொன்னதில்லை.

சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, அங்கே உனக்குக் காலை, நான் எடுப்பேன். அம்மா அப்போது கோயிலில் இருப்பாள். கதைக்க மனமில்லை என்றால் போனைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இரு. நீ வைக்கும்வரை நான் வைக்கமாட்டேன்.

அப்பா