குறுக்குவில் செய்வோருக்கும் விற்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

கனடாவின் கிழக்கு ஒன்ராறியோவில் மான் வேட்டைக்குச் செல்பவன் நான். இம்மடலின் ஆங்கில வடிவத்தைத் தங்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். என்னைப் போல் முதன்முறையாகக் குறுக்குவில் (துப்பாக்கிபோல் விசையை அழுத்தி எய்யும் வில்) வாங்கப் போகிறவர்களும் படிக்கட்டும் என்பதற்காகவே தமிழிலும் எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான். வேட்டைக்குரிய கனமான அம்போடு அளந்த வேகத்தையும், நாணைப் பின்னிழுத்துக் கொக்கியில் மாட்டவும் (ஏற்றவும்), எய்யாதபோது அதை விடுவிக்கவும் (இறக்கவும்) வேண்டிய பலத்தையும் பெட்டியின் மேல் அச்சிடுங்கள்.

தாங்கள் இப்போது அச்சிடும் வேகம் எப்படி அளக்கப்படுகிறது என்பதை நான் தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலும் அந்த வில் தாங்கக்கூடிய மிக இலேசான அம்பை வைத்து எய்தால் கிடைக்கும் எண் அது. அதே வில்லில் எலும்பைத் துளைக்கத்தக்க அம்பையும் அகன்ற வெட்டுமுனையையும் பூட்டினால் வேகம் இறங்கிவிடும். ஆனால் கடையில் வாங்குபவன் காண்பது “விநாடிக்கு 400 அடி” என்ற கொட்டை எழுத்தை மட்டுமே. நானும் அதைத்தான் கண்டேன். எந்த வில் எனக்குப் பொருந்தும் என்று கேட்டபோது விற்பனையாளர் என் தோளையோ, நான் ஏறப்போகும் பரணையோ, அங்கிருந்து மான் வரும் தடத்துக்குள்ள தூரத்தையோ விசாரிக்கவில்லை. “இது 240 அடி தூரத்திலும் குறி தவறாது” என்றார்.

சென்ற நவம்பரில் ஒரு மாலை, வெள்ளைவால் பெண்மான் ஒன்று ஏறத்தாழ 150 அடி தூரத்தில் பக்கவாட்டாக நின்றது. விலா எலும்புகளின் நடுவே குறிவைத்து விசையை அழுத்தினேன். விநாடிக்கு 400 அடி வேகம் என்ற தங்கள் கணக்கையே வைத்துக்கொண்டாலும், அந்தத் தூரத்தைக் கடக்க அம்புக்கு மூன்றில் ஒரு விநாடிக்கு மேல் பிடிக்கும். வில் எழுப்பும் ஓசையோ அதில் பாதி நேரம்கூட எடுத்துக்கொள்ளாமல் மானின் காதை எட்டிவிடும். ஓடுவதற்காக மான் கால்களை மடக்கித் தாழ்ந்தது. நுரையீரலில் பாய வேண்டிய அம்பு, முதுகெலும்புக்கு மேலுள்ள தசையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. இருட்டும்வரை இலைகளின் மேல் துளித்துளியாக இரத்தத்தைப் பின்தொடர்ந்தேன். நள்ளிரவில் மழை பிடித்துக்கொண்டது. விடிந்தபோது தடயம் எதுவும் எஞ்சவில்லை. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் சதுப்பு நிலத்தின் ஓரமெல்லாம் நடந்தேன். அந்த மான் பிழைத்ததா, எங்கேனும் விழுந்து கிடந்து செத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அத்தனை தூரத்தில் எய்தது என் பிழை. அதை யார் தலையிலும் கட்ட மாட்டேன். ஆயினும் அந்தத் தூரத்தில் எய்யலாம் என்ற துணிச்சலை எனக்கு விற்றது யார்? வேகத்தில் இன்னும் 40 அடி கூட்டினாலும், 150 அடி தூரத்தில் அம்பு காற்றில் இருக்கும் நேரத்தில் நூறில் மூன்று விநாடிதான் குறையும். 90 அடிக்கு நெருங்கிவிட்டால் குறைவது அதைப் போல் நான்கு மடங்கு. மான் வேட்டைக்கு ஒன்ராறியோவில் சட்டம் கேட்கும் இழுவிசையே, அதாவது நாணை இழுக்க வேண்டிய பலமே, 45 கிலோதான். ஓசை குறைந்த, வேகம் மிதமான வில் எனக்குத் தாராளமாகப் போதும் என்று அன்று ஒருவர் சொல்லியிருந்தால் என் பணத்திலும் பாதி மிஞ்சியிருக்கும்.

நாண் ஏற்றும் சங்கதியும் இப்படியே. 200 இறாத்தல் (ஏறத்தாழ 90 கிலோ) இழுவிசையைக் கயிற்றுக் கருவி பாதியாக்கும் என்பது உண்மைதான்; ஆனால் குளிரில் மரத்துப்போன கைகளுக்கும் பழுதான தோளுக்கும் அந்த 100 இறாத்தலே மலை. எய்யாமல் திரும்பும் நாளில் அந்த நாணை இறக்குவது எப்படி என்பது, தடித்த கையேட்டின் எங்கோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் கிடக்கிறது. அம்பில்லாமல் விசையை அழுத்தினால் வில்லே சிதறக்கூடும், நாணின் பாதையில் பெருவிரலை நீட்டினால் விரலே போகக்கூடும் என்பவையும் அதே மூலையில்தான். கொடிய விலங்குகளின் பெயர்களையெல்லாம் தேடிப்பிடித்து வில்லுக்குச் சூட்டவும், பட்டை இலை கிளை என்று வண்ணம் தீட்டவும் தங்களுக்குப் பெட்டியில் இடம் இருக்கிறது. விளம்பரப் படங்களில் 300 அடிக்கு அப்பால் நிற்கும் ரப்பர் மானை ஒருவர் தவறாமல் எய்து சிரிக்கிறார். ரப்பர் மானுக்குக் காது கேட்காது, ஐயா.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்தருள்க. கேட்பது பெரிய காரியமும் அன்று. கனமான அம்போடு அளந்த வேகம், நாண் ஏற்றவும் இறக்கவும் வேண்டிய பலம்: இவற்றைப் பெட்டியின் முன்புறத்தில், அந்த 400 அச்சாகியிருக்கும் அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். இயலாதெனில், ஏன் இயலாது என்றாவது இலையுதிர்காலத்தில் வில் பருவம் திறப்பதற்கு முன் ஒரு வரி எழுதியருளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்