சாம்பிள ரெடி பண்றது யாரு?

ஆசிரியருக்கு வணக்கம்,

காலேஜ் கெமிஸ்ட்ரி லேபுக்கு புதுசா மெஷின் வாங்கினா பெருசா பேசுறோம், சந்தோஷம்தான், ஆனா அதுக்குள்ள போற சாம்பிள யாரு ரெடி பண்றாங்கன்னு யாரும் கேக்கறதே இல்ல. பல லேப்ல அசிஸ்டென்ட்டே முன்கூட்டி கரைச்சு வடிகட்டி பாட்டில்ல ஊத்தி நம்பர் ஒட்டி வச்சிடுறாரு, பசங்க வந்து பிப்பெட்ல எடுத்து டைட்ரேட் பண்ணி (அளவு தெரிஞ்ச கரைசல சொட்டு சொட்டா விட்டு அளந்து) ரீடிங் எழுதிட்டு கிளம்பிடுறாங்க.

வேலைக்குப் போனா யாரு அப்படி குடுப்பாங்க? மூட்டையா மண்ணு வரும். மேலாப்புல ஒரு ஸ்பூன் எடுத்தா அது மூட்டை மொத்தத்துக்கும் கணக்காகாது, குவிச்சு, தட்டி, நாலா பிரிச்சு, எதிரெதிரா இருக்கிற ரெண்டு பங்க மட்டும் எடுத்து திரும்பக் கலந்து குவிக்கணும், கைக்கு அடக்கமா வர்ற வரைக்கும் இதேதான். தண்ணில உலோகம் பாக்கணும்னா நைட்ரிக் ஆசிட் விட்டு பிஎச்-ஐ 2-க்கு கீழ கொண்டுவரணும், விட்டுட்டா ஈயம் மாதிரி உலோகமெல்லாம் பாட்டில் சுவத்துலயே ஒட்டிக்கும், அப்புறம் எவ்ளோ காஸ்ட்லி மெஷின்ல போட்டாலும் கம்மியாத்தான் காட்டும், பாவம் அது என்ன பண்ணும்.

தியரில பசங்க கெட்டிதாங்க. பங்கீட்டு எண் 3-னு வச்சுக்கோங்க, அதாவது ஒரு பொருள் தண்ணிய விட, தண்ணியோட கலக்காத சால்வென்ட்ல மூணு மடங்கு செறிவா சேரும், 100 மில்லி தண்ணிய 100 மில்லி சால்வென்ட் ஊத்தி ஒரே தடவை குலுக்கினா அந்தப் பொருள்ல 75 சதவீதம் சால்வென்ட்டுக்கு வரும், அதே சால்வென்ட்ட மூணு சம பங்கா பிரிச்சு மூணு தடவை குலுக்கினா 87.5. பரீட்சைல இத கரெக்டா போட்டு ஃபுல் மார்க் வாங்குற பையன் கையில செப்பரேட்டரி ஃபனல (ரெண்டு லேயரையும் குலுக்கிப் பிரிக்கிற, அடியில குழாய் வச்ச புனல) குடுத்துப் பாருங்க, நடுநடுவுல குழாயத் திறந்து உள்ள சேர்ற ஆவிய விடணும்னே தெரியாது, ரெண்டு லேயரும் கலங்கி பால் மாதிரி நின்னுட்டா என்ன பண்றதுன்னு முழிப்பான்.

மார்க் போடுற விதமும் ஒரு காரணம். விடை 'சரியா' வந்தாத்தான் மார்க்னா பக்கத்து டேபிள் ரீடிங்தான் ரெக்கார்டுல ஏறும். அதுக்குப் பதிலா எல்லாருக்கும் ஒரே மண்ணக் குடுங்க, அவங்கவங்களே ரெடி பண்ணட்டும், கூடவே ஒரு பிளாங்க் (சாம்பிள் மட்டும் இல்லாம மத்ததெல்லாம் அப்படியே) ஓட்டட்டும், தேடுற பொருளையே தெரிஞ்ச அளவு சேர்த்து எவ்ளோ திரும்பக் கிடைக்குதுன்னு பாக்கட்டும், ரிசல்ட்ட போர்டுல எழுதி யாருக்கு ஏன் மாறுச்சுன்னு பேசட்டும், அந்த விளக்கத்துக்கு மார்க் போடுங்க.

டைம் இல்லம்பாங்க. உண்மைதான், ஆசிட்ல மண்ணக் கரைக்கவே பாதி நாள் ஓடிடும், அதுவும் ஃபியூம் ஹூட்ல (புகைய வெளிய இழுக்கிற கூண்டுல) வச்சு ஆள் பக்கத்துல நின்னு பாக்கணும். அப்போ லிஸ்ட்ல இருக்கிற டைட்ரேஷன்ல நாலஞ்ச குறைச்சுட்டு ஒரே சாம்பிள ரெண்டு மூணு கிளாஸுக்கு இழுக்கலாமே, சிலபஸ் போடுறவங்க இத யோசிக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியர்