விளையாட்டுப் பக்கத்தில் ஒரு வரி இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். முப்பது வருடமாக உங்கள் நாளிதழைக் காசு கொடுத்து வாங்குகிறவன், அதில் பாதியை ரயிலில்தான் படித்திருப்பேன். இதுவரை கடிதம் எதுவும் எழுதியதில்லை. இப்போது எழுத வைத்தது ஒரு கால்பந்து, அதுவும் பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் என் காலடியில் உருண்டுபோன ஒரு பந்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி வாக்கில் சென்ட்ரல் போகிற மின்சார ரயிலில் ஏறினேன். எனக்கு ரயில் பைத்தியம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரலில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது, எந்த வண்டிக்கு எந்த இன்ஜின் மாட்டியிருக்கிறார்கள், அது ராயபுரம் ஷெட்டா அரக்கோணமா ஈரோடா என்று பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவேன். வீட்டில் இதைக் கேட்பதை விட்டுவிட்டார்கள். சரி, அன்றைக்கு வியாசர்பாடி ஜீவாவில் பதினைந்து பதினாறு பையன்கள் ஏறினார்கள். ஷூ லேஸை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தான் ஒருவன், இன்னொருவன் முட்டியில் மஞ்சள் அப்பியிருந்தது, பெரியவனாகத் தெரிந்த ஒருவன் கையில் வலைப்பையில் மூன்று பந்து. வண்டி பேசின் பிரிட்ஜுக்குக் கொஞ்சம் முன்னால் வழக்கம்போல சிக்னலுக்காக நின்றது, நின்ற குலுக்கலில் பையிலிருந்து ஒரு பந்து நழுவி, என் செருப்பை உரசி, இரண்டு சீட் தாண்டி உருண்டது. நாலு பேர் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள், நாலு பேரும் கோட்டைவிட்டார்கள். கதவுப் பக்கம் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு ஆயா உட்கார்ந்த வாக்கிலேயே காலை நீட்டி அதை நிறுத்தினார். நிறுத்தினார் என்றால், பாதத்தை மேலே வைத்து அழுத்தி, பந்து அசையாமல். அப்புறம் சொன்னார்: "இன்னாடா, நிக்கிற வண்டியிலயே பந்தப் புடிக்கத் தெரியல, மேட்ச்சுல இன்னா கிழிக்கப் போறீங்க?" பெட்டியே சிரித்தது. பந்தை அவர் கையால் தொடவில்லை, காலாலேயே தள்ளிவிட்டார், அது நேராக அந்த மஞ்சள் முட்டிக்காரனிடம் போய்ச் சேர்ந்தது.

எங்கே ஆட்டம் என்று கேட்டேன். தாம்பரம் பக்கமாம், செமிஃபைனலாம், எதிரணி "கொஞ்சம் பெரிய பசங்க அங்கிள்" என்றான் மஞ்சள் முட்டி. சட்டையில் 8 என்று இருந்தது. வண்டி சென்ட்ரலின் மூர் மார்க்கெட் வளாகத்துக்குள் நுழைந்து நிற்பதற்குள் குதித்து இறங்கி, சுரங்கப்பாதை வழியாகப் பார்க் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். (ஓடுகிற வண்டியில் இறங்காதே என்று கத்தினேன், யார் கேட்டார்கள்.)

மறுநாள் உங்கள் விளையாட்டுப் பக்கத்தை வரி வரியாகத் தேடினேன். இங்கிலாந்தில் யார் யாரை எத்தனைக்கு எத்தனை அடித்தார்கள் என்று இருந்தது, ஸ்பெயினில் ஒரு வீரருக்குத் தசைப்பிடிப்பு என்று இருந்தது. வியாசர்பாடிப் பையன்கள் ஜெயித்தார்களா தோற்றார்களா என்று மட்டும் இல்லை. இருக்காது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் தேடினேன்.

நான் வெளிநாட்டு ஆட்டத்துக்கு எதிரி இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்க்கிற ஆள்தான். எங்கள் தெருவிலேயே மான்செஸ்டர் யுனைடெட் சட்டை போட்ட பையன்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனிடம், "உன் டீம் எங்கே ஆரம்பிச்சது தெரியுமாடா?" என்று கேட்டால் விழிக்கிறான். அது ஆரம்பித்தது ஒரு ரயில் பட்டறையில். லங்காஷயர் அண்ட் யார்க்‌ஷயர் ரயில்வேயின் கேரேஜ் (பயணிப் பெட்டி), வேகன் பிரிவுத் தொழிலாளிகள் 1878-ல் நியூட்டன் ஹீத் என்ற இடத்தில் ஆரம்பித்த அணி அது. முதலில் மற்ற ரயில்வே பிரிவுகளோடும் மற்ற ரயில் கம்பெனிகளோடும்தான் ஆடினார்கள். சட்டையும் சிவப்பு இல்லை, பச்சையும் மஞ்சளும். 1902-ல்தான் மான்செஸ்டர் யுனைடெட் என்று பெயர் மாறியது. புரிகிற மாதிரி சொன்னால் நம்ம பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ் மாதிரி ஒரு இடத்தில் பிறந்த அணி. எங்கள் கேரேஜ் ஒர்க்ஸ் 1856-லேயே வந்துவிட்டது, அந்த ஊர் அணிக்கு இருபத்திரண்டு வயது மூத்தது. அவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள், நாங்கள் அவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு இங்கேயே நிற்கிறோம்.

என் அப்பா அந்தப் பட்டறையில் ஃபிட்டர். சாயங்காலம் சங்கு ஊதினால் சைக்கிள்கள் வெள்ளமாக வெளியே வரும், அதில் பாதி வீட்டுக்குப் போகும், பாதி மைதானத்துக்குப் போகும். எண்ணெய்க் கறை படிந்த சட்டையைக் கழற்றிக் கோல் போஸ்ட்டில் மாட்டிவிட்டு பனியனோடு ஆடுவார்கள். அப்பா நல்ல ஆட்டக்காரர் இல்லை, ஆனால் ஆடினவர்களில் சிலருக்கு ஆட்டத்துக்காகவே வேலை கிடைத்திருந்தது என்று சொல்வார். பகலில் டிக்கெட் பரிசோதகர், சாயங்காலம் லெஃப்ட் அவுட். பி.கே.பானர்ஜியைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவின் கேப்டன், பிரான்ஸுக்கு எதிராக கோல் போட்டவர், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராகவும் கோல் போட்டுத் தங்கம் வாங்கித் தந்தவர்களில் ஒருவர். அவர் கல்கத்தாவின் பெரிய கிளப்புகளான மோகன் பகானுக்கும் ஆடவில்லை, ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடவில்லை, கிழக்கு ரயில்வேயில்தான் இருந்தார். 1958-ல் அந்த ரயில்வே அணி கல்கத்தா லீகையே ஜெயித்தது. அந்த இரண்டோடு முகமதன் ஸ்போர்ட்டிங்கையும் சேர்த்து மூன்று பெரிய கிளப்புகளுக்கு வெளியே இன்னொரு அணி அந்தக் கோப்பையைத் தொட 2019 வரை, 61 வருடம் ஆனது. மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் கோப்பையையும் ரயில்வே அணி மூன்று தடவை வென்றிருக்கிறது, மூன்றும் அறுபதுகளில்.

கல்கத்தா என்றதும் இன்னொன்று. 1997 ஜூலை 13-ல் சால்ட் லேக் மைதானத்தில் ஈஸ்ட் பெங்கால் – மோகன் பகான் ஆட்டத்துக்கு வந்த கூட்டம் 1,31,781 பேர். பூட்டியா மூன்று கோல் போட்டார், ஈஸ்ட் பெங்கால் 4–1 என்று ஜெயித்தது என்பதுதான் எல்லோரும் பேசுவது. எனக்கு வேறு கவலை. ஆட்டம் முடிந்து இத்தனை பேரும் எப்படி வீட்டுக்குப் போனார்கள்? ஒரு லோக்கல் ரயிலில் மூச்சுமுட்ட அடைத்தாலும் சில ஆயிரம் பேர்தான். அன்றைக்கு விதான்நகர் ரோடு ஸ்டேஷனிலும் சியால்டாவிலும் வேலை பார்த்தவர்களுக்கு யாராவது ஒரு டீயாவது வாங்கிக் கொடுத்திருப்பார்களா என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அந்த மைதானத்தின் பெயரிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது, 2020-லிருந்து. கொச்சியிலும் ஜேஎல்என் ஸ்டேடியம் என்றே ஒரு மெட்ரோ நிலையம். நம்ம ஊரில் நேரு ஸ்டேடியத்துக்குப் போகிறவன் சென்ட்ரலில் இறங்கி, ரிப்பன் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, வழி கேட்டுக்கொண்டு போகவேண்டும். தூரம் ஒன்றும் இல்லை, நடக்கிற தூரம்தான், நீலச் சட்டைக்காரர்கள் பின்னாலேயே போனால் வந்துவிடும். அவர்களுடைய 'சென்னையின் எஃப்சி' இரண்டு தடவை ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வாங்கிய அணி, அதுக்காகவாவது ஒரு பலகை வைக்கலாம்.

பெயர் வைப்பதில் இங்கிலாந்துக்காரன்தான் கில்லாடி. லண்டனில் கில்லெஸ்பி ரோடு என்று இருந்த சுரங்க ரயில் நிலையத்தை 1932-ல் ஆர்சனல் என்றே மாற்றவைத்தார் அந்த அணியின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன். அதைவிட எனக்குப் பிடித்தது இன்ஜின் கதை. லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயில் பி17 என்று ஒரு நீராவி இன்ஜின் வகை, கிரெஸ்லி வடிவமைத்தது. 1930-களின் நடுவில் வந்த இன்ஜின்களுக்கு ஆர்சனல், சண்டர்லேண்ட், டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் என்று கால்பந்துக் கிளப்புகளின் பெயரையே வைத்துவிட்டார்கள். பெயர்ப்பலகைக்குக் கீழே பித்தளையில் பாதிப் பந்து, அதற்கு இரண்டு பக்கமும் அந்தக் கிளப்பின் நிறம். ஒரு இன்ஜின்கூட இப்போது மிச்சமில்லை, எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டது, பலகைகள்தான் கிளப்புகளிலும் சேகரிப்பாளர்களிடமும் தங்கியிருக்கின்றன. நான் கண்ணை மூடினால் ராயபுரம் ஷெட் வாப்-7 மின்சார இன்ஜின் ஒன்று, மூக்குக்குக் கீழே "வியாசர்பாடி" என்று எழுதி, பக்கத்தில் பாதிப் பந்தோடு, 24 பெட்டியை இழுத்துக்கொண்டு சென்ட்ரலில் இருந்து புறப்படுகிறது. நடக்காது. நடக்கவேண்டும் என்று கேட்டும் இந்தக் கடிதத்தை எழுதவில்லை, இது சும்மா ஒரு ஆசை.

ஸ்லோவாக்கியாவில் ஒரு கிராமத்து மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போதே பார்வையாளர் மாடத்துக்கும் ஆடுகளத்துக்கும் நடுவில் புகை விட்டுக்கொண்டு ஒரு குட்டி நீராவி ரயில் போகும். அதைப் பார்க்காமல் நான் சாகக்கூடாது.

எனக்கு இன்னொரு பழக்கம் உண்டு, இதையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கோல் போஸ்ட் எண்ணுவேன். இரும்பில் வெல்டு வைத்தது, மூங்கில் நட்டது, இரண்டு செங்கல் வைத்தது, எல்லாம் கணக்கில் சேரும், ஆனால் இரண்டு பக்கமும் கண்ணில் படவேண்டும், ஒரு பக்கம் மட்டும் என்றால் அரை. இதற்கு மங்களூர் மெயில் மாதிரி வண்டி கிடையாது. ஷொர்ணூரைத் தாண்டி வெளுக்கிற நேரத்தில் பாரதப்புழையை ஒட்டிப் போகும், குட்டிப்புறம், திரூர், தானூர் என்று மலப்புறம் மாவட்டத்துக்குள் வந்துவிட்டால் எண்ணிக்கை தப்பும். அறுத்த வயலில் போஸ்ட், மசூதிக்குப் பக்கத்தில் போஸ்ட், தென்னந்தோப்புக்குள்ளே மரத்தையே போஸ்ட்டாக வைத்து ஒரு ஆட்டம். ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் ஆட்டத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் உயிரைக் கொடுப்பார்கள். ஸ்லீப்பர் பெட்டியில்தான் இந்த வேலையெல்லாம் முடியும், ஏசி பெட்டிக் கண்ணாடியில் எல்லாமே சாயங்காலம் மாதிரி தெரியும், பந்து தெரியாது. வந்தே பாரத் எங்கள் பக்கத்து ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பில் பிறந்தது, எனக்கு அதில் பெருமைதான், பெரிய ஜன்னல், குலுக்கல் இல்லை. ஆனால் அந்த வேகத்தில் இரண்டாவது போஸ்ட்டைத் தேடுவதற்குள் ஊரே போய்விடுகிறது, வெளியே சத்தமும் கேட்காது. பாதிக்குப் பாதி அரைக் கணக்குத்தான்.

இதே பழக்கத்தில் சென்னைக்குள்ளேயும் எண்ணிக்கொண்டுதான் வருகிறேன். நான் பையனாக இருந்தபோது தண்டவாளத்தை ஒட்டி இருந்த சில மைதானங்களில் இப்போது கம்பி வேலி, சிலவற்றில் பழைய ஸ்லீப்பர் கட்டைகளும் ஜல்லியும் கொட்டிக் கிடக்கின்றன. யாரையும் குறை சொல்ல வரவில்லை, இடம் அவர்களுக்கும் வேண்டும். ஆனால் பையன்கள் நின்றுவிடவில்லை. மைதானம் தள்ளிப் போனதும் அவர்கள் ரயில் ஏறி அதைத் தேடிப் போகிறார்கள். வியாசர்பாடியிலிருந்து தனபால் கணேஷ் இந்திய அணிவரை போனார். அவரும் சின்ன வயதில் இப்படித்தான் பந்துப் பையோடு ரயிலில் தொங்கிக்கொண்டு போயிருப்பார் என்பது என் கற்பனை. பெண்கள் பக்கம் இதைவிட நன்றாக இருக்கிறது, தேசிய சீனியர் மகளிர் சாம்பியன் பட்டத்தைத் தமிழ்நாடு 2018-லும் 2023-லும் வாங்கியது. இரண்டு தடவையும் மறுநாள் காலை ரயிலில் பேப்பரை விரித்து வைத்திருந்தவர்களிடம் வேண்டுமென்றே கேட்டேன், ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதனால் கேட்பது இவ்வளவுதான். திங்கட்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் ஒரு மூலையில், ராசிபலன் அளவுகூட வேண்டாம், அதில் கால்வாசி போதும். உள்ளூர் ஆட்டங்கள்: எந்த மைதானம், யார் யார், எத்தனைக்கு எத்தனை. சென்னை லீக்கில் தெற்கு ரயில்வேயும் ஐசிஎஃப்பும் ஆடினால் அந்த முடிவும். முடிந்தால் அடுத்த ஞாயிறு எங்கே எத்தனை மணிக்கு என்று இன்னொரு வரி, பக்கத்து ஸ்டேஷன் பெயரோடு. என்னைப் போன்றவர்கள் சென்ட்ரலில் இன்ஜின் எண்ணிவிட்டு அப்படியே வண்டி மாறி அங்கே போய் நின்றுகொள்வோம். நான் வெறும் கையோடு வரமாட்டேன், ஒரு மூடை ஐஸ் தண்ணீர் பாக்கெட் என் பொறுப்பு.

அந்த எட்டாம் நம்பர் பையனின் ஆட்டம் என்ன ஆனது என்று இன்னும் எனக்குத் தெரியாது. அடுத்தடுத்த இரண்டு ஞாயிறும் அதே வண்டியில், அதே பெட்டியில் போனேன், அவர்கள் ஏறவில்லை. பூக்கார ஆயா இருந்தார். அவரும் என்னிடம் அதையேதான் கேட்டார்: "அந்தப் பசங்க கெலிச்சாங்களா சார், பேப்பர்ல போட்டாங்களா?"

இப்படிக்கு,
தினசரி ரயில் பயணி ஒருவன்,
பெரம்பூர், சென்னை