எந்த இடத்துக்கு எந்தக் கண்ணாடி

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பால்கனிக் கதவின் கீழ்க் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. படுக்கையறை ஜன்னலில் ஓரத்திலிருந்து ஒரு விரிசல் ஓடுகிறது. கூடத்து ஜன்னலில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் மூட்டம் கட்டியிருக்கிறது. "எல்லாத்துக்கும் பழையபடி ஐந்து எம்.எம். போட்டுடலாமாப்பா?" என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். மூன்றும் வேறு வேறு காரணத்தால் கெட்டவை. கடைக்காரர் முதலில் எத்தனை எம்.எம். கனம் என்றுதான் கேட்பார். நீ அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது, இந்த இடத்தில் கண்ணாடி உடைந்தால் யார் மேல் விழும் என்பதை.

முதலில் கதவு. கீழே கிடக்கும் துண்டுகளைப் பார்த்தாயா, கத்தி கத்தியாக நீண்டிருக்கின்றன. அது சாதாரணக் கண்ணாடி. உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தட்டையாக எடுக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனி 1959-இல் அறிவித்தது. இன்று ஜன்னலுக்குக் கிடைக்கும் கண்ணாடியில் பெரும்பகுதி அப்படி வந்ததுதான். தெளிவில் ஒரு குறையும் சொல்ல முடியாது, உடையும் விதம்தான் மோசம். உன் பொடியன் ஓடி வந்து முழு உடம்போடு மோதக்கூடிய இடத்தில் அது இருக்கவே கூடாது. கதவு, கதவை ஒட்டிய பக்கக் கண்ணாடி, தரையோடு இறங்கும் ஜன்னல், குளியலறை, மாடிப்படி ஓரம் ஆகிய இடங்களில் ஒன்று சூட்டில் பதப்படுத்திய டஃபன்டு, இல்லாவிட்டால் நடுவே படலம் வைத்த லேமினேட்டட். இதில் பேரமே பேசாதே.

டஃபன்டு என்பது அதே கண்ணாடிதான். 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர வைப்பார்கள். மேல்பரப்பு முதலில் இறுகிவிடும், உள்பகுதி பின்னால் ஆறிச் சுருங்கும்போது அந்த மேல்பரப்பை இழுத்து நெருக்கிப் பிடிக்கும். அதனால் சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு அடி தாங்கும். உடைந்தாலும் விரல் நுனி அளவுள்ள மழுங்கிய துண்டுகளாகக் கொட்டிவிடும். ஆனால் பதப்படுத்திய பிறகு அதை வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது. தொட்டால் முழுவதும் சிதறும். கைப்பிடிக்கும் பூட்டுக்கும் வேண்டிய துளையைக்கூட முன்கூட்டியே சொல்லி ஆர்டர் கொடுக்க வேண்டும். "கொண்டு வந்து பார்த்து ரெண்டு எம்.எம். தேய்ச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால், அவர் கொண்டு வரப்போவது டஃபன்டு இல்லை என்று வைத்துக்கொள். வந்ததும் மூலையில் டஃபன்டு என்று காட்டும் அழியாத முத்திரை இருக்கிறதா பார், மாட்டிய பிறகும் அது கண்ணுக்குத் தெரிகிற பக்கமாக இருக்கட்டும். கண்ணாடியின் ஓரத்தில் மட்டும் அடிபடக்கூடாது. நடுவில் தாங்குகிற அடியை முனையில் தாங்காது.

சில டஃபன்டு கண்ணாடி யாரும் தொடாமலே ஒரு நாள் வெடிக்கும். பேய் பிசாசு இல்லை. நிக்கல் சல்ஃபைடு என்ற நுண்ணிய கசடு உள்ளே மாட்டிக்கொண்டு மெல்லப் பெருக்கும் வேலை அது. தொழிற்சாலையிலேயே மறுபடி சூட்டில் வைத்துச் சோதிப்பது உண்டு, கேட்டால் செய்து தருவார்கள். தலைக்கு மேல் வரும் கண்ணாடிக்கு அதைக் கேட்டு வாங்கு. உன் கதவுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

லேமினேட்டட் என்றால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம். 6.38 என்று சொன்னால் மூன்று எம்.எம். கண்ணாடி இரண்டு, நடுவே 0.38 எம்.எம். படலம். உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஓட்டை விழாது. வெயிலின் புற ஊதாக் கதிரையும் ஏறக்குறைய முழுக்கத் தடுப்பதால் திரைச்சீலையும் புத்தக அட்டையும் சீக்கிரம் வெளுக்காது. தரைத்தளமாக இருந்தால், திருடனை நினைத்தாவது கதவுக்கு இதைத்தான் சொல்லியிருப்பேன். உன் வீடு நான்காம் மாடி, கதவுக்கு வெளியே கைப்பிடிச் சுவரும் இருக்கிறது. டஃபன்டு போதும். அந்தக் கைப்பிடிச் சுவரில் கண்ணாடி இருந்தால் மட்டும் நிச்சயம் லேமினேட்டட். அங்கே டஃபன்டு உடைந்து கொட்டினால் வெறும் வெளிதான் மிஞ்சும்.

கம்பி வைத்த கண்ணாடி பலமானது என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாயே, அது தப்பு. அதே கனமுள்ள வெறும் கண்ணாடியைவிட அது பலவீனமானது. தீப்பிடித்தால் விரிசல் விட்ட கண்ணாடி கழன்று விழாமல் பிடிப்பதற்காக அந்தக் கம்பி. கை உள்ளே போனால் கம்பியும் சேர்ந்து கிழிக்கும்.

படுக்கையறை விரிசலைப் பற்றி உனக்குக் குழப்பம், யாரும் எதையும் எறியவில்லையே என்று. எறிந்திருந்தால் ஒரு புள்ளியிலிருந்து நாலா பக்கமும் கோடு கிளம்பியிருக்கும். இதுவோ சட்டத்தின் ஓரத்தில் நேர்குத்தாகத் தொடங்கி, கொஞ்ச தூரம் போய் வளைகிறது. இது சூட்டு விரிசல். முன்பு இருந்தவர்கள் ஒட்டிய கறுப்பு ஃபிலிம் வெயிலை வாங்கி நடுப்பகுதியைச் சூடேற்றுகிறது. சட்டத்துக்குள் மறைந்த ஓரம் குளிர்ந்தே கிடக்கிறது. நடு விரியப் பார்க்கும், ஓரம் விடாது. ஓரத்தில் வெட்டும்போது பெயர்ந்த சின்னச் சில்லு இருந்தால் அங்கேதான் பிளக்கும். புதுசு போட்டு அதே ஃபிலிமை மறுபடி ஒட்டினால் அதுவும் பிளக்கும். ஃபிலிமை விட்டுவிடு. வெயில் தாங்கவில்லை என்றால் வெளிப்பக்கம் ஒரு மறைப்பு போடு. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரை போட்டுத் தடுப்பது பாதிப் பலன்தான். கண்ணாடி ஓரத்தை மட்டும் சீராகத் தேய்த்துத் தரச் சொல்.

கூடத்து ஜன்னலை எத்தனை துடைத்தாலும் போகாது, மூட்டம் உள்ளே இருக்கிறது. இரண்டு கண்ணாடியையும் பிரிக்கும் பட்டைக்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கும். சுற்றுச் சீல் விட்டதும் வெளிக்காற்று புகுந்து, மணிகள் நிரம்பி, மிச்ச ஈரம் கண்ணாடியில் படிகிறது. துளை போட்டு உலர்த்தித் தருகிறேன் என்று வருகிறவர்களை நம்பிப் பணம் கொடுக்காதே. சீல் போனது போனதுதான். ஜன்னலையே மாற்றச் சொல்வார்கள், அதுவும் வேண்டாம். சட்டம் நன்றாக இருந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி ஜோடியை மட்டும் கழற்றிப் புதிதாக வைக்கலாம்.

எப்படியும் மாற்றுகிறாய், அப்படியே லோ-ஈ பூச்சு உள்ளதாக வாங்கு. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், கண்ணுக்குத் தெரியாத வெள்ளிப் படலம் அது. ஒற்றைக் கண்ணாடி வழியாகப் போகும் வெப்பத்தை இரட்டைக் கண்ணாடி ஏறக்குறையப் பாதியாக்கும். பூச்சும், நடு இடைவெளியில் அடைக்கும் ஆர்கன் வாயுவும் சேர்ந்தால் அந்தப் பாதியும் பாதியாகும். பூச்சு எந்த முகத்தில் என்று கேள். வெயில் ஊரில் வெளிக்கண்ணாடியின் உள்முகத்தில் இருந்தால் சூடு வெளியிலேயே நிற்கும். குளிர் ஊரில் உள்கண்ணாடியின் வெளிமுகத்தில் வைப்பார்கள். உண்மையிலேயே பூச்சு இருக்கிறதா என்று பார்க்க, இரவில் கண்ணாடி முன் ஒரு தீக்குச்சியைக் கொளுத்திப் பிடி. நான்கு சுடர் தெரியும். அதில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் பூச்சு இருக்கிறது.

சாலைச் சத்தத்துக்கு இரட்டைக் கண்ணாடி மட்டும் போதாது. இரண்டும் ஒரே கனமாக இருந்தால் ஒரே சுருதிச் சத்தத்தை இரண்டுமே கடத்தும். ஒன்று நான்கு எம்.எம்., ஒன்று ஆறு எம்.எம். என்று மாற்றிக் கேள். அதற்கும் முன்னால் சட்டத்தைச் சுற்றியுள்ள இடுக்கை அடை. காற்று புகும் வழியெல்லாம் சத்தத்துக்கும் வழி.

மாப்பிள்ளை கேட்ட ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி, அதுதான் வெளியிலிருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி போல் இருப்பது, பகலில் சரி. இரவில் விளக்குப் போட்டால் கதை தலைகீழ், வெளியிலிருந்து நீங்கள்தான் தெரிவீர்கள். குளியலறைக்கு அது வேண்டாம் என்று அவரிடம் சொல்.

அப்புறம் அளவு. அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் எடு, உயரத்தையும் அப்படியே. மூலைக்கு மூலையும் அள, இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் சட்டம் சாய்ந்திருக்கிறது. இருப்பதில் சிறிய அளவை வைத்து, பக்கத்துக்கு இரண்டு மூன்று எம்.எம். விட்டுச் சொல். கண்ணாடி சட்டத்தின் உலோகத்தில் நேராக உட்காரக் கூடாது, கீழே இரண்டு ரப்பர் கட்டை வைத்தார்களா என்று நின்று பார். எடையையும் கணக்குப் போடு. ஒரு சதுர மீட்டரில் ஒவ்வொரு எம்.எம்.முக்கும் இரண்டரைக் கிலோ. ஐந்திலிருந்து எட்டுக்குப் போனால் ஏழரைக் கிலோ கூடும், பழைய கீல் தொங்கிவிடும்.

கண்ணாடி ஓரத்தை அடைக்கச் சிலிக்கான் பசை பூசும்போது வினிகர் நெடி அடித்தால் நிறுத்தச் சொல். அந்த அமில வகை இரட்டைக் கண்ணாடியின் சீலையும் லேமினேட்டட் படலத்தின் ஓரத்தையும் கெடுக்கும். நியூட்ரல் சிலிக்கான் என்று குழாயின் மேலேயே எழுதியிருக்கும், பிரிக்கும் முன் படித்துப் பார்.

கதவுக்கு இன்றைக்கே ஆர்டர் கொடு. பதப்படுத்தி வரச் சில நாள் ஆகும். அதுவரை அந்த ஓட்டையில் ஒட்டுப்பலகை அடித்துவை, அட்டை வேண்டாம், பொடியன் தள்ளிவிடுவான். ஜன்னல் இரண்டும் காத்திருக்கும். அளவெல்லாம் எடுத்ததும் எனக்கு ஒரு படம் அனுப்பு.

அன்புடன்,
அப்பா