நாலு மூடை நெல்

அன்புள்ள வதனிக்கு,

சித்திரையில் வந்த உன் கடிதத்துக்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன். கோபப்படு, ஆனால் முழுதும் வாசித்துவிட்டுக் கோபப்படு. அம்மா சுகம். குளத்தடிக் காணி விதைத்தாயிற்று. கிளியின் கலியாணக் கதைக்குத் தனிக் கடிதம் வேண்டும், பிறகு பார்ப்போம்.

இந்த வருடம் எனக்குத் தரம் நான்கு, 23 பிள்ளைகள். பிரான்சில் கிரெனோபிள் நகரத்தில் 1980 வாக்கில் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கேட்டார்களாம்: கப்பலில் 26 செம்மறியும் 10 ஆடும் நிற்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன? 97 பேரில் 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு விடை சொல்லிவிட்டார்கள். நம் பிள்ளைகள் மாட்டோடும் ஆட்டோடும் வளர்கிறவர்கள், ஏமாறமாட்டார்கள் என்று நினைத்து, கப்பலைப் பட்டியாக்கிக் கேட்டேன். 19 பேர் 36 என்று எழுதியிருந்தார்கள்.

அன்றிரவு நித்திரை வரவில்லை, வதனி. 'மொத்தம்' என்றால் கூட்டு, 'மிச்சம்' என்றால் கழி என்று மூன்று வருடமாகச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். சொல்லைத் தேடப் பழக்கினேன், கதையை யோசிக்க விடவில்லை.

இப்போது எண்களை மறைத்துவிட்டுக் கணக்கை வாசிக்கிறேன். என்ன நடக்கிறது, என்ன கேட்கிறார்கள் என்று பிள்ளைகள் தங்கள் வாயால் சொன்ன பிறகுதான் எண்களைக் காட்டுவேன். செய்து முடித்ததும், "இது நடக்கக்கூடியதா?" என்று தன்னைத் தானே கேட்க வேண்டும். கணித அறிஞர் பொல்யா, கணக்குத் தீர்க்க 1945 இல் எழுதிய நாலு படிகளில் கடைசிப் படி இந்தத் திரும்பிப் பார்த்தல்தான். கலாசாலையில் பாடமாக்கினோமே, ஞாபகம் இருக்கா? நீ மூன்றாவதோடு நிறுத்திவிட்டுப் பேனையை மூடியவள்!

போன கிழமை கேட்டேன்: லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஒரு தரத்துக்கு 12 மூடை ஏற்றலாம், 40 மூடைக்கு எத்தனை தரம் போக வேண்டும்? பலர் '3, மிச்சம் 4' என்று எழுதினார்கள். பின்வாங்கில் இருக்கிற ஒரு பெடியன், வாயே திறக்காதவன், அதையே எழுதி, பார்த்து, அழித்தான். "ரீச்சர், நாலு மூடையை மழையில விட்டிட்டு வரேலாது. நாலு தரம் போகோணும்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் விடையைவிட, அழித்த அந்த நிமிடம்தான் எனக்குப் பெரிது. யாரும் பிழை என்று சொல்லாமல் தானாகவே நின்று பார்த்திருக்கிறான்.

ஆனால் தாய்தகப்பன் கேட்பது வேறு. அடுத்த வருடம் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை, ஒரு நாளைக்கு மூன்றே கணக்குச் செய்தால் எப்படி என்கிறார்கள். அவர்களையும் பிழை சொல்ல முடியாது. வெட்டுப்புள்ளியைத் தாண்டும் ஒரு பிள்ளையால் ஒரு குடும்பமே தலை நிமிரும் இடம் இது. ஆனாலும் நான் வேகத்துக்குத் திரும்பப் போவதில்லை.

உன் சின்னவள் தரம் மூன்றுதானே? அந்தப் பட்டிக் கணக்கை அவளிடம் கேட்டு, என்ன சொன்னாள் என்று உடனே எழுது. சித்திரை வரை வைத்திராதே.

அன்புடன்,
சாந்தி