செயலாளர் ஆண்டறிக்கை 2024: நம் திடலும் நெருப்பெறும்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குளுகோர் வட்டாரத்துக் குடியிருப்பாளர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையை இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

வழக்கமான காரியங்களை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்குழு முறையாகக் கூடியது. கடந்த பொதுக்கூட்டத்தின் ஆவணங்கள் உரிய காலத்துக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பப்பட்டன. தீபாவளிக்கு முந்தைய கோத்தோங் ரோயோங் (எல்லாரும் சேர்ந்து செய்யும் பொதுப்பணி), பள்ளிப் பிள்ளைகளுக்கான கணிதப் பயிற்சி, மூத்தோருக்கான இரத்த அழுத்தப் பரிசோதனை மூன்றும் நன்றாக நடந்தன. உதவிய எல்லாருக்கும் நன்றி. சிலம்ப வகுப்பு மட்டும் சில வாரங்கள் திடலை விட்டு மண்டபத்துக்கு மாற வேண்டியிருந்தது. அதற்குக் காரணமான விஷயத்துக்குத்தான் இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்கியிருக்கிறேன்.

2024 பொங்கலன்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். திடலின் ஓரத்தில் அடுப்பு மூட்டிய இடத்தில், பாய் விரித்து உட்கார்ந்த பிள்ளைகளின் கால்களில் எறும்பு ஏறிவிட்டது. கடித்த இடமெல்லாம் நெருப்புப் பட்டது போல எரிந்தது. பாட்டி ஒருவருக்குப் பாதம் வீங்கி, கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டியதாயிற்று. இந்த எறும்பு தாடையால் தோலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, வயிற்றின் நுனியில் உள்ள கொடுக்கால் திரும்பத் திரும்பக் குத்தும். பெரும்பாலோருக்கு எரிச்சலும் அரிப்பும்தான். ஒவ்வாமை உள்ள ஒரு சிலருக்கு மூச்சுத் திணறல் வரை போகலாம். அதனால் இதைச் சின்ன விஷயம் என்று செயற்குழு ஒதுக்கிவிடவில்லை.

முதலில் எதிரி யார் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சிலர் இதை முசுறு என்றார்கள். முசுறு மாமரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும். நம் திடலில் இருப்பது மண்ணுக்குள் வாழ்வது. புல்லின் வேரடியில் தூளான மண்ணைத் தள்ளியிருக்கும். கூட்டத்தில் சில எறும்புகளுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. விதைகளை உடைக்கும் வேலைக்காரர்கள் அவர்கள். இது மலேசியாவில் பரவலாக உள்ள வெப்பமண்டல நெருப்பெறும்பு, அறிவியல் பெயர் சொலெனோப்சிஸ் ஜெமினாட்டா. பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் அக்காபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் மண்ணோடு ஏறி இந்தப் பக்கம் வந்தது என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. இதன் நெருங்கிய உறவான சொலெனோப்சிஸ் இன்விக்டாதான் 2001இல் பிரிஸ்பேனிலும் 2003இல் தைவானிலும் கண்டுபிடிக்கப்பட்டு, அந்த அரசாங்கங்களைப் பெரும் செலவில் தள்ளியது. எறும்பு மருந்துகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அந்த இன்விக்டாவை வைத்துச் செய்யப்பட்டவை. இரண்டுக்கும் உணவு உண்ணும் முறை ஒன்றுதான் என்பதால் அவை நமக்கும் வழிகாட்டின.

நம் மக்கள் சும்மா இருக்கவில்லை. ஒருவர் மண்ணெண்ணெய் ஊற்றினார், இன்னொருவர் கொதிநீர், வேறொருவர் சாம்பல். அரிசி நொய்யைப் போட்டால் எறும்பின் வயிறு ஊதி வெடிக்கும் என்றும் ஒரு யோசனை வந்தது. அக்கறையோடு செய்தவைதான். ஆனாலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: மண்ணெண்ணெய் புல்லையும் மண்ணையும் கெடுக்கிறது, மழையில் கால்வாய்க்குப் போகிறது. கொதிநீர் சில புற்றுகளைக் கொல்லும். எட்டாத ஆழத்தில் ராணி இருந்தால் கூட்டம் நாலு அடி தள்ளிப் புதிதாகக் கிளம்பும். நொய் யோசனையில் உண்மையே இல்லை. வளர்ந்த எறும்பால் திடப் பொருளை விழுங்கவே முடியாது. அது கொண்டுவரும் துணுக்கைப் புற்றுக்குள் இருக்கும் புழுக்களில் மூத்தவைதான் கரைத்து, திரவமாக்கித் திருப்பிக் கொடுக்கின்றன. அந்தத் திரவம் வாய்க்கு வாய் கைமாறி எல்லா எறும்புக்கும், கடைசியில் ராணிக்கும் போகிறது.

மருந்து இரை வேலை செய்வது இந்தக் கைமாற்றத்தை நம்பித்தான். எண்ணெய் நீக்கிய சோள நொய்யில், மருந்து கரைத்த சோயா எண்ணெயை ஊற வைத்திருப்பார்கள். எறும்பு அதைத் தீனி என்று தூக்கிப் போகும். மருந்து உடனே கொன்றுவிட்டால் தூக்கிப் போன எறும்பு வழியிலேயே செத்துவிடும், ராணி தப்பித்துக்கொள்ளும். ஆகவே தாமதமாகக் கொல்லுவதுதான் நல்ல இரைக்கு அடையாளம். ஸ்ப்ரே அடித்தவுடன் எறும்பு சாவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதை ஏற்பதுதான் கஷ்டமாக இருந்தது.

எந்த மருந்து என்ற கேள்விக்குச் செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்கள் 1950களின் இறுதியில் டீல்ட்ரின், ஹெப்டாகுளோர் மருந்துகளை நிலமெங்கும் தெளித்துப் பறவைகளையும் மீன்களையும் கொன்றன. பிறகு வந்த மிரெக்ஸ் இரையும் உயிரினங்களின் உடம்பில் தேங்குகிறது என்று 1970களின் பிற்பகுதியில் விலக்கப்பட்டது. பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடத்தில் அந்தப் பாடத்தை மறக்கக் கூடாது என்று உறுதியாக இருந்தோம். 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு பெற்ற மருந்து, உரிமம் பெற்ற நிறுவனம், திடலுக்குப் பொறுப்பானவர்களின் எழுத்துபூர்வ அனுமதி: இந்த மூன்றும் இல்லாமல் எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம்.

கடைசியில் இரண்டு வகை இரைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதென்று தீர்மானமாயிற்று. ஒன்றில் ஹைட்ராமெத்தில்னான், எறும்பின் உயிரணு சக்தியை உண்டாக்குவதைத் தடுத்துச் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் கொல்லும். இன்னொன்றில் பைரிப்ராக்ஸிஃபென், இது வளர்ந்த எறும்பைக் கொல்லாது. புழு எறும்பாக வளர்வதையும் ராணி நல்ல முட்டை இடுவதையும் கெடுக்கும். இருக்கும் எறும்புகள் வயதாகிச் சாகும்போது அவற்றின் இடத்துக்கு ஆள் இருக்காது. மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் ஸ்பினோசாட் பற்றியும் ஓர் உறுப்பினர் கேட்டார். நல்ல யோசனைதான், ஆனால் ஒரே நேரத்தில் மூன்றைப் பார்க்க நம் திடல் போதாது. ஒவ்வொரு மருந்துக்கும் திடலில் ஒதுக்கும் பட்டைகள் குறுகிவிட்டால் ஒரு பக்கத்து எறும்பு மறு பக்கத்தில் இரை எடுக்கும். எது எதைக் கொன்றது என்று பிரித்தறிய முடியாது.

திடலைச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பட்டைகளாகப் பிரித்தோம். ஒன்றில் வேகமான மருந்தான ஹைட்ராமெத்தில்னான், ஒன்றில் மெதுவான மருந்தான பைரிப்ராக்ஸிஃபென், கால்வாய்ப் பக்கத்தில் ஒன்றில் எதுவும் இல்லை. நடுவே இடைவெளியும் விட்டோம். மருந்தில்லாத பட்டையை எதிர்த்துப் பெற்றோர் சிலர் கோபப்பட்டார்கள். “எங்கள் வீட்டுப் பக்கத்தை மட்டும் ஏன் விட்டீர்கள்?” என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் மழை பெய்தால் புற்று கரையும், வெயில் கூடினால் எறும்பு ஆழத்துக்குப் போகும். எதுவும் போடாமலேயே எறும்பு குறைந்தது போலத் தெரியும் காலங்கள் உண்டு. ஒப்பிட ஒரு துண்டு நிலம் இல்லாவிட்டால் மருந்துக்குக் கிடைக்கும் பெயர் உண்மையில் மழைக்குச் சேர வேண்டியதாக இருக்கலாம். அந்தப் பட்டையைக் கயிறு கட்டி அடையாளப்படுத்தி, பிள்ளைகள் போகாமல் பார்த்துக்கொண்டோம். பொறுத்துக்கொண்ட அந்த வரிசை வீட்டாருக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

தைப்பூசம் முடிந்து, பிப்ரவரி வறட்சியில் இரை போட ஏற்பாடானது. முதலில் வந்த நிறுவனத்தார் உச்சி வெயிலில் வந்து, புற்றின் தலையிலேயே கொட்டத் தொடங்கினார்கள். உடனே நிறுத்தச் சொன்னோம். புற்றைக் கலைத்தால் எறும்பு தீனியை மறந்து சண்டைக்கும் இடமாற்றத்துக்கும் போய்விடும். ஹைட்ராமெத்தில்னானோ வெயிலில் வேகமாகச் சிதையும். வேறு நிறுவனத்தை அழைத்து, மாலை வெயில் தாழ்ந்த பிறகு, புல் காய்ந்திருந்த நாளில், கையால் சுற்றும் தூவும் கருவியால் பரவலாகத் தூவச் செய்தோம். அளவைக் கேட்டுப் பலரும் நம்பவில்லை. ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோதான். முழுக் கால்பந்துத் திடலுக்கே ஒரு கிலோ போதும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிதறிக் கிடப்பதால்தான் பிள்ளைகளுக்கும் பூனை நாய்களுக்கும் ஆபத்து குறைகிறது. மீன்களுக்கு இந்த மருந்துகள் ஆகாது என்பதால் கால்வாய் ஓரத்தைத் தொடவில்லை.

இரை போடும் முன்பும், போட்ட பிறகு மாதந்தோறும், இளைஞர் பிரிவினர் முறுக்குத் துண்டுகளை அட்டையில் வைத்துப் பட்டைவாரியாகப் பரப்பி, அரை மணி நேரம் கழித்து எத்தனை எறும்பு வந்திருக்கிறது என்று எழுதி வைத்தார்கள். எண்ணெய்ப் பலகாரத்துக்கு எறும்பு வந்தால் இரைக்கும் வரும். வராவிட்டால் அன்றைக்கு மருந்து போடுவதே வீண். அதோடு குச்சியால் புற்றின் ஓரத்தை மெல்லத் தொட்டு, எறும்பு பாய்ந்து வருகிறதா என்றும் பார்த்தார்கள். இவ்வளவு ஒழுங்காக இதைச் செய்த பிள்ளைகளை இந்தச் சபை பாராட்ட வேண்டும்.

என்ன தெரிந்தது? வேகமான மருந்து போட்ட பட்டை மார்ச் மாதத்திலேயே அடங்கியது. சிலம்ப வகுப்பு அங்கே திரும்பியது. மெதுவான மருந்துப் பட்டையில் அப்போது எந்த மாற்றமும் இல்லை. “காசு வீண்” என்ற பேச்சு எழுந்தது, எனக்கும் பல அழைப்புகள் வந்தன. ஆனால் ஏப்ரலில் புற்றின் ஓரத்தைத் திறந்து பார்த்தபோது எறும்பு ஓடியது, வெள்ளைப் புழுவையும் கூட்டுப்புழுவையும் காணோம். குஞ்சு இல்லாத கூட்டத்துக்கு எதிர்காலம் இல்லை. ஜூன் வாக்கில் அந்தப் பட்டையும் அமைதியானது. இதற்குள் வேகமான மருந்துப் பட்டையின் விளிம்பில் புதிய சிறு புற்றுகள் முளைத்துவிட்டன. மழைக்குப் பின் இறக்கையோடு பறக்கும் இளம் ராணிகள் எங்கிருந்தும் வந்து இறங்கும்; இறங்கும் இடத்தில் போட்டிக்கு வேறு எறும்பு இல்லாவிட்டால் அவற்றுக்குக் கொண்டாட்டம். மருந்தில்லாத பட்டையில் எறும்பு குறையவே இல்லை. ஆக, மற்ற பட்டைகளில் கண்ட மாற்றம் மழையால் வந்ததல்ல என்று துணிந்து சொல்லலாம்.

என் கருத்து இதுதான்: அவசரத்துக்கு வேகமான மருந்து, நிலைத்த பலனுக்கு மெதுவான மருந்து. இரண்டில் ஒன்றை மட்டும் வாங்கி மற்றதைக் குறை சொல்வது சரியல்ல. கடந்த டிசம்பரில், மழை விட்ட இடைவெளி பார்த்து, மருந்தில்லாமல் விட்ட பட்டையையும் சேர்த்து, கால்வாய் ஓரத்தை மட்டும் தவிர்த்து, வேகமான இரையைத் தூவினோம். 2025 பொங்கலுக்குத் திடலில் பாய் விரித்து உட்கார முடிந்ததை எல்லாரும் பார்த்தீர்கள்.

சரி, செலவு விவரம் பொருளாளர் அறிக்கையில் இருக்கிறது. அதைத் திரும்பச் சொல்லவில்லை. மருந்தை விட ஆள்கூலிதான் அதிகம் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். மிச்சமான இரையை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம். அதில் உள்ள எண்ணெய் காறிவிட்டால் எறும்பு தொடாது. உரமூட்டை, பெட்ரோல் பக்கத்தில் வைத்தால் அந்த வாடை ஏறியே கெட்டுவிடும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இவற்றை முன்மொழிகிறது. வறட்சி முடியும் முன் மெதுவான இரையை நெருப்பெறும்பு இருக்கும் பகுதிகளுக்கு மட்டும் போடுவது. நெருப்பெறும்பு இல்லாத இடத்தில் போட்டால், அதன் புதிய ராணிகளை விரட்டும் உள்ளூர் எறும்புகளும் சேர்ந்து அழியும். முறுக்குச் சோதனையை மாதந்தோறும் தொடர்வது. திடலில் யாரும் மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது என்று அறிவிப்புப் பலகை வைப்பது. கொல்லையிலிருந்து பூந்தொட்டி மண்ணையும் புல்தரையையும் திடலுக்குக் கொண்டுவருவோர் முன்னதாக எறும்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்வது.

மாதச் சோதனைக்கு இளைஞர் பிரிவுக்குத் துணையாகப் பெரியவர்களும் வேண்டும். சிலம்ப ஆசிரியர் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார். மற்றவர்கள் கூட்டம் முடிந்ததும் பதிவு மேசையில் பெயரையும் வரக்கூடிய கிழமையையும் எழுதிவிட்டுப் போகுமாறு அன்போடு கேட்கிறேன்.

இவ்வறிக்கையைப் பொதுக்கூட்டம் ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.

செயலாளர்
குளுகோர், பினாங்கு