பழைய மலைச் சைக்கிளின் விலை பழைய பில்லில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய மலைச் சைக்கிளை விற்பவர்கள், வாங்கிய நாளின் பில்லைக் காட்டி அதில் பாதியை விலையாகக் கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்தக் கணக்கு எவ்வளவு தவறானது என்பதை, சென்ற மாதம் என் தங்கை மகனுக்குச் சைக்கிள் தேடியபோது அனுபவத்தில் அறிந்தேன். 2013-இல் 32,000 ரூபாய்க்கு வாங்கிய சைக்கிள் என்றும், அதிகம் ஓட்டவே இல்லை என்றும் சொன்ன உரிமையாளர் 16,000 ரூபாயில் உறுதியாக நின்றார். பெயின்ட் மங்காமல் இருந்ததை நம்பி நாங்களும் கொடுத்துவிட்டோம்.

மறுநாள் எங்கள் பகுதிச் சைக்கிள் கடைக்காரர் செயினின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்தார். கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னிலிருந்து எண்ணினால், அதற்கடுத்த இருபத்து நான்காவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அதுவோ அரைக்கால் (1/8) அங்குலம் தள்ளி நின்றது. மாகாணி (1/16) அங்குலம் நீண்டபோதே செயினை மாற்றியிருந்தால் பின்சக்கரப் பற்கள் தப்பியிருக்கும். இப்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியதாயிற்று. அதிகம் ஓட்டாத சைக்கிளின் செயின் அவ்வளவு தேயாது. முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்வைக் குறைக்கும் ஃபோர்க்கின் சீலும் காய்ந்து எண்ணெய் கசிந்ததால், மொத்தச் செலவு 7,400 ரூபாய் ஆனது.

பழுதுச் செலவைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. 2010-களின் தொடக்கம் வரை மலைச் சைக்கிள்களுக்குப் பெரும்பாலும் 26 அங்குலச் சக்கரமே இருந்தது, பின்னர் 27.5, 29 அங்குலச் சக்கரங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. 26 அங்குலத்துக்குச் சாதாரண டயர் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்றாலும், தரமான ஃபோர்க்கும் ரிம்மும் தேடி அலைய வேண்டிய பொருள்களாகிவிட்டன. போதாக்குறைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிள்களுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதால், புதிய சைக்கிளோடு ஒப்பிடும்போது பழையதன் மதிப்பு மேலும் இறங்கத்தான் வேண்டும்.

ஆகவே, அதே தரத்திலான கியரும் பிரேக்கும் உள்ள புதிய சைக்கிள் இன்று என்ன விலை என்பதில் தொடங்கி, அதில் பாதிக்கும் கீழே ஒரு தொகையை வைத்து, உடனடியாகச் செய்ய வேண்டிய பழுதுச் செலவையும் கழித்து வருவதே நியாயமான விலை என்பது என் கருத்து. ஃபிரேமின் பற்றவைப்பு இணைப்புகளில் கீறல் தென்பட்டால் எந்த விலைக்கும் அதை வாங்கக் கூடாது. அதேபோல, செயினையும் டயரையும் அண்மையில் மாற்றி ரசீதும் வைத்திருப்பவர் கூடுதலாகக் கேட்டால், முகம் சுளிக்காமல் கொடுப்பதே முறை. பழைய பில்லும் வீணல்ல. பெடல் அச்சுக்கு அடியில் பொறித்துள்ள ஃபிரேம் எண் அதில் இருந்தால், அது திருட்டுச் சைக்கிள் அல்ல என்ற நம்பிக்கையாவது கிடைக்கும்.

தங்கள் நாளிதழின் வரி விளம்பரங்களில் சைக்கிள் விற்க வருபவர்களிடம், வாங்கிய ஆண்டு, சக்கர அளவு, கடைசியாகச் செயின் மாற்றிய மாதம் ஆகிய மூன்றையும் கேட்டு வெளியிட வேண்டுகிறேன். ஒரே ஒரு வரிதான் கூடும். பிள்ளைகளுக்காகப் பழைய சைக்கிள் தேடும் பெற்றோர், நேரில் போகும் முன்பே விலையைக் கணக்கிட்டுக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பீளமேடு, கோவை.